வேலியில் காய்ந்த சிவப்புப் பாவாடை

ஹன்னா மீகர் தன் வாழ்நாளில் எந்த வங்கியையும் கொள்ளையடித்ததில்லை, எந்தப் போலீஸ்காரனையும் சுட்டதில்லை. அவள் செய்ததெல்லாம் ஒரு திங்கட்கிழமை துணி துவைத்ததுதான். அதற்கு அவள் புருஷன் டெனிஸைப் பிடித்துக்கொண்டு போய் உள்ளே வைத்துவிட்டார்கள். கோதுமை முற்றி நின்ற நேரம் அது.

நடந்தது ஆஸ்திரேலியாவில், விக்டோரியா காலனியின் வடகிழக்கு மலையடிவாரத்தில், வாட்டில் ஓடைப் பக்கம். பஞ்சத்துக்குப் பயந்து அயர்லாந்திலிருந்து கப்பலேறியவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான் அங்கே குடியிருந்தார்கள். சர்க்கார் அவர்களுக்குத் துண்டு துண்டாக நிலம் அளந்து கொடுத்திருந்தது. குடியிருந்து, வேலி போட்டு, உழுது, வருஷா வருஷம் குத்தகை கட்டினால் நிலம் சொந்தம். ஒரு வருஷம் தவறினாலும் நிலம் போய்விடும். கேட்பதற்கு நல்ல சட்டம்தான். ஆனால் சட்டம் வருவதற்கு முன்னாலேயே பெரிய ஆட்டுப் பண்ணைக்காரர் விட்லோ துரை வந்துவிட்டார். அந்த மண்ணில் ஆதியிலிருந்து இருந்தவர்களை அவருடைய அப்பா துப்பாக்கியால் விரட்டியிருந்தார். அதைப் பற்றி ஓடைப் பக்கத்தில் யாரும் பேசுவதில்லை. மகன் துப்பாக்கி எடுக்கவில்லை. தண்ணீர் ஓரமாக இருந்த நல்ல துண்டுகளையெல்லாம் தன் சமையல்காரன் பேரிலும் வண்டிக்காரன் பேரிலும் வாங்கிப் போட்டுக்கொண்டார். மற்றவர்களுக்கு மேடு மிஞ்சியது. ஓடை சலசலக்கும் சத்தம் ஹன்னாவின் வாசலுக்குக் கேட்கும். ஒரு வாளி மொள்ளக் கூடாது. மாடு தாகம் தாங்காமல் அந்தப் பக்கம் இறங்கினால் விட்லோவின் ஆட்கள் ஓட்டிக்கொண்டு போய்ப் பட்டியில் அடைப்பார்கள். தண்டம் கட்டினால்தான் மாடு.

மார்ட்டி கின்னனின் கதை அந்தப் பட்டியில்தான் ஆரம்பித்தது. அவன் அம்மாவின் கறவை மாட்டை அடைத்துப் போட்டிருந்தார்கள். பால் கட்டிக்கொண்டு மாடு கதறிய சத்தம் அவன் வீடு வரைக்கும் கேட்டதாம். மார்ட்டி கதவை உடைத்து மாட்டை ஓட்டிவந்தான். பிடிக்க வந்த போலீஸ்காரன் குறுக்கே நின்ற அவன் தங்கையை அடித்துக் கீழே தள்ளினான். மார்ட்டி அந்தக் கையை முறித்தான். தன் வீட்டு மாட்டையே திருடியவன் என்று அவனுக்கு மூன்று வருஷம் போட்டார்கள். கல் உடைத்துவிட்டு வந்தவன் வேறு ஆளாக வந்தான். அப்புறம் வங்கி, தபால் வண்டி, மலைக்காடு. அவன் தலைக்கு விலை வைத்த வாரத்தில் அவனைப் பற்றிப் பாட்டும் வந்துவிட்டது.

அநியாயம் அநியாயம்தான். ஹன்னா அதை மறுக்கமாட்டாள். அவள் மாடும் பட்டிக்குப் போய் மெலிந்து திரும்பியதுதான். அவளுடைய எரிச்சல் வேறு. பாட்டு வந்ததிலிருந்து ஓடைப் பக்கத்தில் ஒருத்தருக்கும் வேலையில் புத்தி இல்லை. உழப் போனவன் ஏரை நிறுத்திவிட்டு மலையைப் பார்ப்பான். பால் கறக்க உட்கார்ந்தவள் பாட்டை முணுமுணுத்துப் பாலைக் கொட்டுவாள். எல்லாரையும் விட மோசம் பக்கத்து நிலத்து பெக் ஸ்கல்லி.

பெக் ஐம்பது வயதுக்காரி, விதவை, தடித்த குரல். துணிச் சைகையைக் கண்டுபிடித்தது அவள்தான். போலீஸ் ரோந்து வந்தால் வேலியில் சிவப்புத் துணி போட வேண்டும். வழி சுத்தமாக இருந்தால் வெள்ளை. மலைமேல் இருக்கும் மார்ட்டி அதைப் பார்த்துக்கொண்டு இறங்குவான், அல்லது திரும்புவான். ஓடைப் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் இதில் சேர்ந்துவிட்டார்கள். ஹன்னா மட்டும் சேரவில்லை.

"உன் வேலிதான்டி மலையிலேருந்து நல்லாத் தெரியுது," என்றாள் பெக்.

"என் வேலி மாடு உள்ள வராம இருக்கப் போட்டது."

"நம்ம பையனுக்காக ஒரு துணி காயப்போட மாட்டியா?"

"நம்ம பையனுக்குத் துணி வேணும்னா அவனே துவைச்சுக்கட்டும். எனக்கு இருக்கிற துணியே போதும்."

"உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லடி மகளே."

"இருந்த ஈரத்தையெல்லாம் குட்டையிலேருந்து தலையில சுமந்துக்கிட்டு வரேன்ல," என்று ஹன்னா சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

அவளிடம் ஒரு சிவப்புக் கம்பளிப் பாவாடை இருந்தது. கப்பலேறும்போது அவள் அம்மா கொடுத்தது. குளிருக்குக் கட்டுவாள். கோடையில் பூச்சி அரிக்காமல் இருக்க ஒருமுறை துவைத்துக் காயவைத்துப் பெட்டியில் வைப்பாள். அங்கே கிறிஸ்துமஸ் கோடையில்தான் வரும். அது முடிந்து வந்த திங்கட்கிழமை அதைத் துவைத்து, மற்றத் துணிகளோடு வேலியில் போட்டாள். பாவாடை கனம். தண்ணீர் சொட்டச் சொட்ட வேலிச்சட்டமே வளைந்தது.

அன்றைக்குப் பார்த்துச் சார்ஜென்ட் பைக் தன் ஆட்களோடு மலையடியில் பதுங்கியிருந்தார். மார்ட்டி இறங்கி வருவதாக அவருக்குத் துப்புக் கிடைத்திருந்தது. மார்ட்டி இறங்கியும் வந்தான். பாதி வழியில் ஹன்னாவின் வேலியைப் பார்த்தான். குதிரையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். துணிச் சைகை என்ன என்று சார்ஜென்ட் ஏற்கெனவே யாரிடமோ காசு கொடுத்துத் தெரிந்துவைத்திருந்தார். ஆக அந்தப் பாவாடை மேலே இருந்தவனுக்கும் புரிந்தது, கீழே இருந்தவர்களுக்கும் புரிந்தது. துவைத்தவளுக்கு மட்டும்தான் அது நினைப்பிலேயே இல்லை.

சார்ஜென்ட் பைக் சிவந்த முகத்தோடு வாசலில் வந்து நின்றார். பெருவிரல்கள் இரண்டையும் இடைவாருக்குள் சொருகிக்கொண்டு பேசுவது அவர் வழக்கம்.

"அந்தச் சிவப்பை யார் போட்டது?"

"நான்தான்."

"எதுக்குப் போட்ட?"

"ஈரமா இருந்துச்சுங்க."

"திமிரா?"

ஹன்னாவுக்கு அதற்கு மேல் வாய் வரவில்லை. அவள் வீட்டில்தான் பேச்சுக்காரி. உடுப்பைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பின்னாலிருந்து டெனிஸ் கைகளைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"வேலி என்னுதுங்க," என்றான். "கேக்கிறதை என்கிட்ட கேளுங்க."

அது போதுமாக இருந்தது. கொள்ளைக்காரனுக்கு உதவினான் என்று அவனைக் குதிரைக்குப் பின்னால் நடத்திக்கொண்டு போனார்கள். பாவாடையைச் சாட்சிப் பொருள் என்று ஈரத்தோடேயே சுருட்டி எடுத்துக்கொண்டார்கள். மீதித் துணியைத் தரையில் தள்ளிவிட்டுப் போனார்கள். ஹன்னா அதை எல்லாம் மறுபடியும் துவைத்தாள்.

நகரத்து நீதிமன்றத்தில் குமாஸ்தா பாவாடையைக் கம்பு நுனியில் தூக்கிக் காட்டினார். செத்த பாம்பைத் தூக்குவது போலத் தூக்கினார் என்று ஹன்னாவுக்குப் பட்டது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். சாட்சி யாரும் இல்லை. சார்ஜென்ட் எழுந்து, இன்னும் விசாரிக்க வேண்டியிருக்கிறது, ஒரு வாரம் வேண்டும் என்றார். நீதிபதி ஒரு வாரம் கொடுத்தார். அடுத்த வாரமும் அதே கம்பு, அதே பாவாடை, அதே ஒரு வாரம். ஓடைப் பக்கத்தில் பாதி ஆம்பிளைகளை இப்படித்தான் வைத்திருந்தார்கள். ஒருத்தன் மேலும் குற்றம் நிரூபிக்கவில்லை, ஒருத்தனையும் விடவில்லை. எல்லார் வயலிலும் கோதுமை நின்றது. விட்லோ துரையின் கதிர்களை மட்டும் இயந்திரம் அறுத்துக்கொண்டிருந்தது.

ஹன்னா வெளியே வரும்போது கம்பிக்குப் பின்னாலிருந்து டெனிஸ் கேட்டது ஒன்றுதான்.

"கதிர் எப்படி இருக்கு?"

"தொட்டா உதிர்ந்திரும் போல இருக்கு."

"சனங்க வருவாங்க. நாம எல்லாருக்கும் அறுத்துக் கொடுத்திருக்கோம்ல. மாத்துக்கு வருவாங்க."

அது அவர்கள் ஊர் வழக்கம். இன்றைக்கு உன் வயல், நாளைக்கு என் வயல். கூலி கிடையாது. கூப்பிடக்கூட வேண்டியதில்லை, கதிர் பழுத்தால் அரிவாளோடு வந்து நிற்பார்கள். ஹன்னா நம்பிக்கையோடு வீடு வந்தாள்.

ஒருத்தரும் வரவில்லை.

அவள் தனியாக இறங்கி அறுத்தாள். கைக்குழந்தையை மெழுகுவர்த்திப் பெட்டியில் போட்டு வண்டிக்கடியில் நிழலில் வைத்தாள். மூத்த பெண்ணை ஈ விரட்ட விட்டாள். வெயில் தைலமரங்களைக் காய்ச்சிய காய்ச்சலில் காற்றெல்லாம் கஷாய வாசனை. குனிந்து அறுத்து, அரி போட்டு, கட்டி, கட்டுகளைச் சாய்த்து நிறுத்தி, நிமிர்ந்து பார்த்தால் வயல் அப்படியே நிற்கும். காற்று அடித்தால் மணி உதிரும் சத்தம் மழைத் தூற்றல் மாதிரி கேட்கும். அந்தச் சத்தம்தான் அவளைத் தூங்கவிடவில்லை. அதில் குத்தகை இருந்தது, அடுத்த வருஷத்து ரொட்டி இருந்தது. குத்தகை போனால் நிலம் போகும். நிலத்தை வாங்க விட்லோவின் வண்டிக்காரன் தயாராக இருந்தான்.

துணி துவைப்பதை அவள் நிறுத்தவில்லை. ஆனால் வேலியில் போடப் பயம். சிவப்பும் வேண்டாம் வெள்ளையும் வேண்டாம் என்று வீட்டுக்குள்ளேயே அடுப்புக்கு மேல் கயிறு கட்டிக் காயப்போட்டாள். ஜனவரி வெயிலில் வீட்டுக்குள் ஈரத்துணி. குழந்தைகள் மேலெல்லாம் புகைநாற்றம்.

ஒருநாள் காலையில் பெக் ஸ்கல்லி எல்லைக்கு அந்தப் பக்கம் நின்று, கிட்டே வராமல், குரல் கொடுத்தாள்.

"ஹன்னா. இன்னும் இருக்காங்களா?"

"யாரு?"

"போலீஸு."

"எங்க?"

"உன் வீட்டுக்குள்ளதான்."

ஹன்னா அரிவாளைக் கையில் வைத்தபடியே எல்லை வரைக்கும் நடந்து போனாள். "என் வீட்டுக்குள்ள போலீஸ் எதுக்குடி இருக்கும்?"

"உன் வேலி காலியா கெடக்கே."

"கெடந்தா?"

"வேலி காலின்னா போலீஸ் வீட்டுக்குள்ள உக்காந்திருக்குன்னு அர்த்தம். அதனாலதான் யாரும் இந்தப் பக்கம் தலை காட்டல."

"இதை யார் வச்சது?"

"எல்லாரும் கூடிப் பேசி வச்சதுதான்."

"என்கிட்ட யாரும் சொல்லலையே."

"நீதான் சேரமாட்டேன்னியே மகளே. சேராதவளுக்கு எப்படிச் சொல்றது?"

"துணி போட்டேன், புருஷனைக் கொண்டுபோனாங்க. துணி போடலை, ஊரே என்னை ஒதுக்கிருச்சு. நான் துணியே இல்லாம திரியட்டுமா? அதுக்கும் எதாவது அர்த்தம் வச்சிருக்கீங்களா?"

பெக் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள் என்பதுதான் ஹன்னாவுக்கு இன்னும் ஆத்திரம். "வெள்ளையைப் போடு," என்றாள் கடைசியில். "ஆளு வரும்."

ஹன்னா வீட்டுக்குப் போய்ப் படுக்கை விரிப்பை உருவிக்கொண்டு வந்து வேலியில் வீசினாள். துவைக்கக்கூட இல்லை.

பெக் அரிவாளோடு வந்தாள், அது நிஜம். ஆனால் அவளுக்கு முன்னாலேயே, மலைப் பக்கத்துப் புதரிலிருந்து ஒரு ஆள் வெளிப்பட்டு, வயலோரமாக ஆடி அசைந்து வந்தான். சீவிய தாடி. இடுப்பில் பச்சைப் பட்டுத்துணி, அதில் துப்பாக்கி. பாட்டில் அவன் ஆறடிக்கு மேல். நேரில் ஹன்னாவின் உயரம்தான்.

"வெள்ளையைப் பார்த்தேன்," என்றான் மார்ட்டி கின்னன். "உன் மனசு மாறுச்சேன்னு சந்தோஷம் ஹன்னா. டீ இருக்கா? கூடக் கொஞ்சம் ரொட்டி? ஓடையைத் தாண்டினதுல காலுறைகூட ஈரம்."

ஹன்னா அவனைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள்.

"உன்னால என் புருஷன் உள்ள கெடக்கான்."

"தெரியும். அதுக்குப் பழி வாங்காம விடமாட்டேன். நாளைக்கே விட்லோவோட வைக்கோல் போரைக் கொளுத்துறேன் பாரு."

"அவன் போரைக் கொளுத்தினா என் கதிர் தானா அறுத்துக்கிட்டுக் கட்டுக்குள்ள படுத்துக்குமா?"

"இல்ல, ஒரு நியாயத்துக்கு..."

"நியாயம் அப்புறம் வரட்டும். பெக்கு, அந்த இன்னொரு அரிவாளை அவன்கிட்ட குடு."

"நான் தலைக்கு விலை வச்ச ஆளு ஹன்னா."

"தலை வேண்டாம். கை போதும்."

பெக் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பாட்டுப் பாடிய வாய் அது. மார்ட்டி அரிவாளை வாங்கினான். நாலு அரி போடுவதற்குள்ளேயே ஹன்னாவுக்குத் தெரிந்துவிட்டது. பன்னிரண்டு வயதிலிருந்து குதிரை மேலேயே இருந்தவனுக்கு அறுப்பு வராது. தாளை நடுவில் பிடித்தான், மேலாக வெட்டினான், வரிசை கோணிக்கொண்டு போயிற்று. விரலையும் வெட்டிக்கொண்டான். அதை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு நின்றபோதுதான் பாதையில் தூசி தெரிந்தது.

போலீஸ். மூன்று குதிரை.

அறுத்த ஓரத்தில் ஒளிய இடம் கிடையாது, நிற்கும் கதிருக்குள் புகுந்தால் சாய்ந்த தாளே காட்டிக்கொடுக்கும். புதருக்கு ஓடினால் பாதையிலிருந்து தெரியும். பெக் தன் வெயில் தொப்பியைக் கழற்றி அவன் தலையில் கவிழ்த்தாள். குழந்தையின் துணியை எடுத்துத் தாடியோடு சேர்த்துக் கன்னத்தைச் சுற்றிக் கட்டினாள். ஹன்னா தன் மேல்பாவாடையை அவிழ்த்துக் கொடுத்து உள்பாவாடையோடு நின்றாள். துப்பாக்கி குழந்தைப் பெட்டிக்கடியில் போயிற்று.

"குனிஞ்சு அறு," என்றாள் ஹன்னா. "நிமிராத. வாயைத் திறக்காத."

சார்ஜென்ட் பைக் குதிரையை நிறுத்தி முதலில் வேலியைத்தான் பார்த்தார். வெள்ளை விரிப்பு ஆடிக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. பெருவிரல்கள் இடைவாருக்குள் போயின.

"ஓகோ. வழி சுத்தம். அவனைக் கூப்பிடுறியா?"

"அறுக்க ஆள் கூப்பிடுறேங்க."

"யார் அது?"

"எங்க சித்தி மகளுங்க," என்றாள் பெக். "பல்வலி. பேச முடியாது பாவம். பேச ஆரம்பிச்சா நிறுத்தமாட்டா, அதனால எங்களுக்கும் நிம்மதி."

சார்ஜென்ட் பல்வலிக்காரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரிப்பு அப்படியே தொங்கட்டும், நாங்கள் கொட்டகையில் இருக்கிறோம், அவன் வந்ததும் அமுக்குகிறோம் என்றார். குதிரைகளைக் கொட்டகைக்குள் கட்டச் சொன்னார். ஹன்னாவின் ரொட்டி, ஹன்னாவின் டீ, ஹன்னாவின் கொட்டகை. மார்ட்டி கின்னனைப் பிடிக்க மார்ட்டி கின்னனுக்குப் பத்துத் தப்படி தள்ளிப் படுத்துக்கொண்டார்கள்.

ஹன்னா கொஞ்ச நேரம் அறுத்தாள். கொட்டகைக்குள்ளிருந்து சீட்டாடும் சத்தம் வந்தது. வயலில் காற்று அடித்தது, மணி உதிர்ந்தது. அவளுக்குள் எதுவோ அறுந்தது. உடுப்பு என்ற பயம்கூட அதோடு போய்விட்டது. நேரே கொட்டகை வாசலுக்குப் போனாள்.

"சார்ஜென்ட் ஐயா. மார்ட்டி மலையிலேருந்து பார்ப்பான்ல?"

"பார்ப்பான்."

"வெள்ளை தொங்குற வயலைப் பார்க்கிறான். வயல்ல மூணே பொம்பளைங்க. மாத்துக்கு வந்த கூட்டம் எங்கன்னு நினைக்கமாட்டானா? எங்க ஊருல வெள்ளை போட்டா வயலே நிறைஞ்சிருக்கும். அவன் முட்டாள் இல்லீங்க."

சார்ஜென்ட் தாடையைத் தடவினார். அவரும் முட்டாள் என்று பெயர் வாங்க விரும்பாதவர். சிறிது நேரத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் உடுப்பைக் கழற்றிவிட்டு முண்டா பனியனோடு வயலில் இறங்கினார்கள். ஹன்னா டெனிஸின் அரிவாளையும் பழைய அரிவாளையும் எடுத்துக் கொடுத்தாள்.

அதில் ஒருவன் ஃபோலி. அவனும் அயர்லாந்துக்காரன்தான், கெர்ரிப் பக்கம். சர்க்கார் சோற்றுக்காகப் போலீஸில் சேர்ந்தவன். அரிவாளைக் கையில் வாங்கி விரலால் தடவிப் பார்த்ததுமே ஹன்னாவுக்குத் தெரிந்தது, இவன் வயலில் பிறந்தவன் என்று. தரையோடு தரையாக அறுத்தான். அவன் போன வழி தலை வகிடு எடுத்தது போலக் கிடந்தது. போகிற போக்கில் பல்வலிக்காரியின் பக்கத்தில் நின்றான்.

"அக்காவுக்குக் கை ரொம்ப மெதுவாப் போகுதே."

பல்வலிக்காரி முனகினாள்.

"தாளை அடியில பிடிக்கணும் அக்கா. இப்படி. உங்க அம்மா சொல்லித் தரலையா?"

தொப்பிக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. ஊரையே நடுங்க வைத்தவன், சட்டென்று தாளை அடியில் பிடித்தான். ஹன்னா குனிந்தபடியே இருந்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு பேர் ஒரே வயலில் ஒழுங்காக அறுப்பதற்கு ஒருத்தன் தலைக்கு விலை வைக்க வேண்டியிருக்கிறதே என்றுதான் எரிச்சலாக வந்தது.

பொழுது சாயும் நேரத்தில் பெக், "இவ பல்லு வீங்கிருச்சு, நான் கூட்டிட்டுப் போறேன்," என்று சொல்லிப் பல்வலிக்காரியை எல்லை தாண்டிக் கூட்டிக்கொண்டு போனாள். துப்பாக்கி ரொட்டிக் கூடைக்குள் போயிற்று. மறுநாள் பெக் மட்டும் வந்தாள். மேல்பாவாடையை மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். இடுப்புத் தையல் விட்டிருந்தது.

போலீஸ் மறுநாளும் இருந்தது, அது தெரிந்து ஊர்க்காரர் வேறு யாரும் வரவில்லை. வெள்ளை விரிப்பும் இருந்தது. வேறு வேலை இல்லாததால் ஃபோலி விடிந்ததுமே வயலில் இறங்கிவிட்டான். மற்றவனும் இறங்கினான். மதியத்துக்கு மேல் சார்ஜென்ட் பைக்கே பொழுது போகாமல் வந்து கட்டுகளைச் சாய்த்து நிறுத்தினார். கோணலாகத்தான் நிறுத்தினார், ஆனாலும் நிறுத்தினார். சாயங்காலத்தில் வயலில் ஒரு கதிர் நிற்கவில்லை.

மலையிலிருந்து ஒருத்தனும் இறங்கவில்லை.

சார்ஜென்ட் உடுப்பை மாட்டிக்கொண்டு குதிரை ஏறும்போது ஹன்னா வேலிப் பக்கம் வந்து நின்றாள்.

"ரெண்டு நாளா வெள்ளை தொங்குதுங்க. அவன் வந்தானா?"

"வரலை."

"அப்ப என் வெள்ளைக்கு ஒரு அர்த்தமும் இல்ல."

சார்ஜென்ட் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தார்.

"வெள்ளைக்கு இல்லாத அர்த்தம் சிவப்புக்கு மட்டும் எங்கேருந்துங்க வந்துச்சு? துணி ஈரமா இருந்தா வேலியில போடுவாங்க. இதுக்கு என் புருஷன் உள்ள இருக்கான். நீங்களே ரெண்டு நாளா உக்காந்து பார்த்தீங்க. நீங்களே போய்ச் சொல்லுங்க."

ஃபோலி குதிரையின் பிடரியைத் தட்டிக்கொண்டே, "துப்புக் கொடுத்தவன் நம்மகிட்ட காசு பிடுங்கியிருக்கான் சார்ஜென்ட்," என்றான். அது சார்ஜென்ட்டுக்குப் பிடித்திருந்தது. தான் ஏமாந்தோம் என்பதைவிடத் தன்னை ஒருத்தன் ஏமாற்றினான் என்பது சொல்வதற்கு நன்றாக இருந்தது. அடுத்த வாரம் நீதிமன்றத்தில் குமாஸ்தா கம்பை எடுக்கும்போதே அவர் எழுந்து, இந்தத் துணி விஷயத்தில் ஆதாரம் இல்லை என்றார். நீதிபதிக்கும் அந்தப் பாவாடையைப் பார்த்துப் பார்த்து அலுத்திருந்தது. டெனிஸை விட்டுவிட்டார்கள். மற்றவர்களை விடவில்லை. அவர்கள் வேலியில் வேறு துணி, வேறு சாட்சி.

டெனிஸ் பாவாடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தே வீடு வந்தான். முதலில் வயலுக்குத்தான் போனான். கதிர் இல்லாத வயலைப் பார்த்துச் சிரித்தவன், ஓரமாக ஒரு இடத்தில் நின்று முகத்தைச் சுளித்தான்.

"இங்க யாருடி அறுத்தது? எலி கடிச்ச மாதிரி இருக்கே."

"அதான் மார்ட்டி கின்னன்."

"அங்க?"

"அது போலீஸு."

டெனிஸ் வேலியில் உட்கார்ந்துவிட்டான். அவள் நடந்ததைச் சொன்னபோது கண்ணில் நீர் வரச் சிரித்தான். ஹன்னா பாவாடையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரத்தோடு சுருட்டி வைத்ததில் பூஞ்சை. கம்பு குத்திய இடத்தில் ஓட்டை. சாயம் போய்விட்டது.

அந்த வருஷம் குத்தகை கட்டினார்கள். அறுப்பு முடிந்த கையோடு ஹன்னா, உள்ளே இருந்த மற்ற ஆம்பிளைகளின் வயல்களுக்கு அரிவாளோடு போனாள். யார் வேலியில் என்ன தொங்குகிறது என்று பார்க்கவில்லை. சிலருடையதில் மணி பாதி உதிர்ந்திருந்தது. ஒரு குடும்பம் நிலத்தை விட்டுவிட்டு வண்டி கட்டிக்கொண்டு போயிற்று. அங்கே இப்போது விட்லோவின் ஆடு மேய்கிறது.

அடுத்த குளிர்காலத்தில் மார்ட்டியை ஆற்றைக் கடக்கும்போது சுட்டார்கள். செய்தி கொண்டுவந்தது பெக். வாசலில் நின்று அழுதாள். அழுகையே பாட்டு மாதிரி இருந்தது. ஹன்னா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் சொன்னாள்:

"ஒழுங்கா அறுக்கக் கத்துக்கிட்டிருந்தா உயிரோட இருந்திருப்பான்."

டெனிஸ் அடுப்புப் பக்கத்திலிருந்து, "அறுக்க நிலம் விட்டாத்தானே," என்றான்.

ஹன்னா உரித்துக்கொண்டே இருந்தாள். கிழங்கின் தோல் அன்றைக்குத் தடிமனாக வந்தது. பிறகு எழுந்து பெக்குக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

அவள் எழுபது வயதுக்கு மேல் வாழ்ந்தாள். அதற்குள் பாட்டு வளர்ந்துவிட்டது. மார்ட்டி கின்னன் ஒரு ஏழை விதவையின் வயல் முழுவதையும் நிலா வெளிச்சத்தில் தனியாளாக அறுத்துக் கொடுத்ததாகவும், அவன் அரிவாள் மின்னலாக மின்னியதாகவும், விதவை அவன் கையை முத்தமிட்டதாகவும் பாடினார்கள். டெனிஸ் உயிரோடு எதிரே உட்கார்ந்திருக்கும்போதே மதுக்கடையில் பாடினார்கள். அவனும் சேர்ந்து பாடினான் என்று கேள்விப்பட்டு ஹன்னா அவனோடு மூன்று நாள் பேசவில்லை.

பட்டணத்திலிருந்து ஆட்கள் அந்த வயலைப் பார்க்க வர ஆரம்பித்தார்கள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மார்ட்டி எங்கே அறுத்தார் என்று கேட்பார்கள்.

"அந்த ஓரத்துல," என்பாள் ஹன்னா. "அதுவும் கால்வாசிதான். விரலை வெட்டிக்கிட்டான். மீதியெல்லாம் போலீஸ் அறுத்தது. நான் விதவையும் இல்ல, அவர் கொட்டகையில இருக்காரு, வேணும்னா கூப்பிடுறேன்."

அவர்கள் பணிவாகத் தலையாட்டிவிட்டு, அந்த ஓரத்திலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்துக்கொண்டு போவார்கள். ஒருத்தரும் நம்பவில்லை. போகும்போது வேலியைப் பார்ப்பார்கள். திங்கட்கிழமையாக இருந்தால் அதில் எல்லா நிறத்திலும் துணி காயும். ஓட்டை தைத்த அந்தப் பாவாடையும் காயும், வெளிறி, செங்கல் நிறத்தில். அதற்கு என்ன அர்த்தம் என்று ஒருமுறை ஒரு பெண் ரகசியமாகக் கேட்டாள்.

"ஈரமா இருக்குன்னு அர்த்தம்," என்றாள் ஹன்னா.